மட்டமும் வாட்டமும்: எளிய எந்திரத்திலும் முதலுதவியிலும் தளச் சொற்கள்

கெடா மாநிலத்தின் நில அமைப்பைக் குரூண் நகரில் நின்று நோக்குவார்க்கு மூன்று வகை நிலம் ஒருங்கே புலப்படும். வடக்கே அலோர் ஸ்டார் வரையிலும் அதற்கு அப்பாலும் நெல்வயல்; மேற்கே ஜெராய் மலை; தெற்கே பீடோங், சுங்கைப் பட்டாணி, கூலிம் என விரியும் மேடும் பள்ளமுமான தோட்ட நிலம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கெடாவின் முதலமைச்சராக இருந்த வான் முகமது சமான், அலோர் ஸ்டாரிலிருந்து குரூண் வரை ஒரு கால்வாயை வெட்டுவித்தார். இன்றும் அவர் பெயரால் வான் மாட் சமான் கால்வாய் என்றே அது வழங்குகிறது. கண்ணுக்கு முற்றிலும் மட்டமாகத் தோன்றும் நிலத்தில் நீரை ஓடச் செய்வது எளிதன்று. நிலம் மட்டமாக இருந்தால் நீர் நிற்கும். மிகச் சிறிய சரிவேனும் கிடைத்தால்தான் அது நகரும்.

அந்த மிகச் சிறிய சரிவுக்குத் தமிழில் ஒரு சொல் உண்டு. கொத்தனார் அதனை ‘வாட்டம்’ என்பார். குளியலறைத் தரையில் நீர் தேங்கினால், “வாட்டம் சரியாகக் கொடுக்கவில்லை” என்று குறை கூறுவோம். வாட்டம் என்பதற்கு வாடுதல், சோர்வு என்னும் பொருள்களே மாணவர்க்கு முதலில் நினைவுக்கு வரும். கட்டடத் தொழிலிலோ அது துல்லியமான அளவுச் சொல். வடிகால் குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் என்றால், ஓர் அடி நீளத்திற்குக் கால் அங்குலம் இறங்க வேண்டும் என்பது பொருள். அடிக்கு ஓர் அங்குலம் என்றால் 12-க்கு 1. சக்கர நாற்காலி ஏறுவதற்கான சாய்வுப்பாதைக்கு உலகின் பல நாடுகள் ஏற்றுக்கொண்டிருக்கும் அளவும் இதுவே. கணிதப் பாடத்தில் சரிவு விகிதம் என்று நாம் கற்பிப்பதைக் கொத்தனார் நாள்தோறும் வாயால் சொல்லிக் கையால் செய்து வருகிறார்.

வாட்டத்திற்கு எதிர்ச்சொல் மட்டம். மட்டப்பலகை, இரசமட்டம் ஆகியவை அதிலிருந்து பிறந்த கருவிப் பெயர்கள். (இரசமட்டத்தின் கண்ணாடிக் குழலுக்குள் இருப்பது பாதரசமன்று, சாராயம் போன்ற ஒரு நீர்மமே, பெயரைத் திருத்த வேண்டியதில்லை.) இவற்றோடு சாய்வு, சரிவு, சறுக்கு, ஏற்றம், இறக்கம் என்னும் சொற்களையும் சேர்த்துப் பார்த்தால், தளம் நிற்கும் நிலையைக் குறிக்கத் தமிழில் ஒரு சொற்குடும்பமே உள்ளது. இந்தக் குடும்பத்தை அறிவியல் வகுப்பிலும் முதலுதவிப் பயிற்சியிலும் எவ்வாறு கையாளுகிறோம் என்பதே இவ்வுரையின் பொருள். முன்னதில் சொல் பிழைத்தால் மதிப்பெண் குறையும். பின்னதில் சொல் பிழைத்தால் நேர்வது வேறு.

தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்தில் எளிய எந்திரங்களின் பட்டியல் வருகிறது: நெம்புகோல், கப்பி, சக்கரமும் இருசும், பற்சக்கரம், ஆப்பு, திருகாணி, சாய்தளம். இவற்றுள் சாய்தளத்தில்தான் மாணவர் தயங்குவர். மற்றவை கையால் எடுத்துக் காட்டக்கூடியவை, அசைபவை. ஒரு மேட்டை எந்திரம் என்று எப்படிச் சொல்வது? இத்தயக்கம் அறிவுக்குறையன்று. பண்டைய அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த எரோன் வகுத்த எளிய எந்திரங்கள் ஐந்தே; அவற்றில் ஆப்பும் திருகும் உண்டு, சாய்தளம் இல்லை. ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்தில்தான் அது ஆறாவதாகச் சேர்ந்தது. 1586-இல் சைமன் ஸ்டெவின் என்னும் பிளெமியர், சாய்தளத்தின் மீது கோத்து விட்ட குண்டு மாலை ஒன்றைக் கற்பனை செய்து, அம்மாலை தானாகவே ஓயாமல் சுற்றுவது இயலாது என்னும் ஒரே கருத்தைக் கொண்டு அதன் விதியை நிறுவினார். எந்திரம் என்றால் அசைய வேண்டும் என்னும் எண்ணத்தை அறிஞர் உலகமே கைவிட இத்தனை காலம் ஆயிற்று. பத்து வயதுக் குழந்தை ஒரு வகுப்பு வேளை தயங்குவதில் வியப்பென்ன?

தோட்டத்தில் வளர்ந்த குழந்தைக்கு இதனை விளக்கப் பலகை ஒன்று போதும். 50 கிலோ எடையுள்ள மூட்டையை ஒரு மீட்டர் உயரமுள்ள லாரித் தட்டில் ஏற்ற வேண்டும். நேராகத் தூக்கினால் 50 கிலோவும் தூக்குபவர் முதுகின் மீது. நான்கு மீட்டர் நீளப் பலகையைச் சாய்த்து வைத்துத் தள்ளுவண்டியில் ஏற்றினால், உராய்வை நீக்கிப் பார்க்கும்போது, பன்னிரண்டரைக் கிலோவைத் தூக்கும் அளவு விசையே வேண்டும். ஆனால் ஒரு மீட்டர் தூக்குவதற்குப் பதில் நான்கு மீட்டர் தள்ளுகிறோம். விசை நான்கில் ஒன்று. தொலைவு நான்கு மடங்கு. செய்த வேலை மாறுவதில்லை. செம்பனைக் குலைகளைத் தள்ளுவண்டியில் வைத்துப் பலகை மீது ஏற்றுபவர்கள் இக்கணக்கை எழுதியறியார். எனினும் பலகை குட்டையாக இருந்தால் நீளமானதைத் தேடி எடுத்து வருவார்கள்.

பால்மரம் இதனினும் சிறந்த பாடம். மரத்தைச் சுற்றி உளி இழுக்கும் கோடு கிடையாகவும் இராது, செங்குத்தாகவும் இராது. இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து சரியும். ஒட்டுமரத்திற்கு 30 பாகை என்பது வழக்கமான சரிவு. ஏன் இந்தச் சரிவு? காரணம் இரண்டு. முதலாவது யாவரும் அறிந்தது: கோட்டில் ஊறும் பால் தானாக வழிந்து மங்கில் விழ வேண்டும். சரிவு குறைந்தால் பால் கோட்டிலேயே தயங்கிப் பட்டை மீது வழிந்து வீணாகும். இரண்டாவது காரணம் மரத்தின் உள்ளே இருக்கிறது. பட்டைக்குள் பால்நாளங்கள் நேர்க்குத்தாக ஏறுவதில்லை; வலப்புறமாகச் சில பாகை சாய்ந்து ஏறுகின்றன. எனவே இடம் உயர்ந்து வலம் தாழும் கோடு, அவற்றைக் குறுக்கே வெட்டி அதிக நாளங்களைத் திறக்கிறது. அதே சரிவை எதிர்த்திசையில் இட்டால் திறக்கும் நாளங்கள் குறையும்.

இனி, அக்கோட்டை மரத்திலிருந்து உரித்துத் தரையில் விரித்ததாக எண்ணிப் பாருங்கள். அது ஒரு சாய்தளம். மரத்தைச் சுற்றியிருக்கும்போது அது திருகாணியின் புரி. திருகாணி என்பது உருளையைச் சுற்றிய சாய்தளமே என்று பாடநூல் கூறும் வரையறையை, காகிதத்தை முக்கோணமாக வெட்டிப் பென்சிலில் சுற்றிக் காட்டுவது வழக்கம். கெடாவில் காகிதம் தேவையில்லை. சாலையோரத்துப் பால்மரம் போதும். இரப்பர் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்ட நிலையில் பால்மரத்தையே அருகில் பார்த்திராத மாணவரும் உளர் என்பதை நாம் அறிவோம். அவர்கள் வீட்டில் பாட்டியோ தாத்தாவோ கோடு இழுத்தவராக இருப்பார். அவரை வகுப்பிற்கு அழைத்து வருவதைவிடச் சிறந்த பயிற்றுத் துணைப்பொருள் இல்லை.

ஆப்பைப் பற்றி நீட்ட வேண்டுவதில்லை. இரு சாய்தளங்கள் முதுகோடு முதுகு ஒட்டியது ஆப்பு. உளியும் கோடரியும் அதன் வகை. பூஜாங் பள்ளத்தாக்கில், மெர்போக் அருங்காட்சியகத்தை அடுத்துள்ள கோயில் அடித்தளம் நிற்கும் இடத்திற்குப் புக்கிட் பத்து பகாட் என்று பெயர். உளியால் செதுக்கிய கல் உள்ள குன்று என்பது அதன் பொருள். பகாட் என்னும் மலாய்ச் சொல்லுக்கு உளி என்றே பொருள். கடாரத்து மண்ணில் ஓர் எளிய எந்திரம் ஊர்ப்பெயராகவே நிலைத்திருக்கிறது.

இங்கே ஒரு வரலாற்றுக் குறிப்பு இன்றியமையாதது. 2003-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டுப் பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. தமிழ்ப்பள்ளிகளும் அதற்கு விலக்கல்ல. 2009-இல் அரசு அக்கொள்கையைக் கைவிட முடிவு செய்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் படித்தவர்கள் இன்று பெற்றோர், சிலர் ஆசிரியர். ‘இன்கிளைண்ட் பிளேன்’ என்றால் அவர்களுக்குப் புரிகிறது. சாய்தளம் என்றால் ஒரு நொடி நின்று எண்ண வேண்டியிருக்கிறது. குறை அவர்களுடையதன்று. கலைச்சொல்லுக்கும் வீட்டுச் சொல்லுக்கும் இடையே இருந்த பாலம் ஒரு தலைமுறைக் காலம் பழுதுபட்டிருந்தது. எந்திரப் பாடத்தில் இந்த இடைவெளியை ஒரு விளக்கப்படம் நிரப்பிவிடும். முதலுதவியில் படத்தைப் புரட்ட நேரம் இராது.

முதலுதவிக்கும் சாய்தளத்திற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பால் கோட்டில் பாலை மங்கிற்குக் கொண்டு சேர்ப்பது புவியீர்ப்பு. சரிவு அதற்கு வழி காட்டுகிறது. மயங்கிக் கிடப்பவரின் வாயிலிருந்து வாந்தியை வெளியே கொண்டு வருவதும், மூக்கில் வடியும் குருதியைத் தொண்டைக்குள் இறக்கிவிடுவதும் அதே புவியீர்ப்பே. அடிபட்டவர் உடல் எந்தத் தளத்தில், எந்தச் சரிவில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அவ்விசை உதவியாகவும் இருக்கும், கேடாகவும் முடியும். முதலுதவியின் பாதி, உடலை உரிய தளத்தில் உரிய நிலையில் வைப்பதே.

மட்டத்திலிருந்து தொடங்குவோம். இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தும்போது, வளர்ந்தவர்க்கு 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல், நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும் என்பது விதி. அவர் கட்டாந்தரையில் மல்லாந்து கிடக்க வேண்டும். மெத்தை மீது அழுத்தினால் நம் விசையின் ஒரு பகுதி மெத்தையை அமுக்குவதில் போய்விடும். மார்பெலும்பு உரிய ஆழம் இறங்காது. எனவே இங்கு வேண்டியது மட்டம் மட்டுமன்று, உறுதியும்தான். மொழிபெயர்ப்புத் துண்டறிக்கைகள் சிலவற்றில் இவ்விடத்தில் ‘நோயாளியைத் தட்டையாகப் படுக்க வைக்கவும்’ என்று எழுதியிருப்பதை நாம் கண்டதுண்டு. தட்டை என்பது பொருளின் வடிவம். மனிதரைத் தட்டையாக்க இயலாது. ‘கெட்டியான தரையில் மல்லாத்திக் கிடத்துக’ என்றால் எழுத்தறியாத முதியவரும் செய்துவிடுவார்.

‘படுக்க வை’, ‘கிடத்து’ என்னும் இரண்டும் ஒன்றல்ல. படுத்தல் படுப்பவர் தாமே செய்யும் வினை. படுக்க வைக்கும்போது அவரும் ஓரளவு ஒத்துழைக்கிறார். நினைவிழந்தவர் ஒத்துழைக்கமாட்டார். கிட என்பதிலிருந்து பிறந்த கிடத்து என்னும் பிறவினையே அவருக்குப் பொருந்தும். ஆனால் நம் மக்கள் இச்சொல்லை வாய்விட்டுச் சொல்லக் கூசுகிறார்கள். பிணத்தைக் கிடத்துவது என்னும் வழக்கு அதனோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. கூச்சம் சொல்லோடு நிற்பதில்லை, செயலிலும் புகுகிறது. மயங்கி விழுந்தவரைத் தரையில் நீட்டி விடுவது அமங்கலம் போலத் தோன்றவே, தாங்கிப் பிடித்து உட்கார வைக்கக் கை முந்துகிறது. மூளைக்குச் செல்லும் குருதி குறைந்ததால் மயங்கியவரை நிமிர்த்தி உட்கார வைத்தால் அது மேலும் குறையும். அவரைத் தரையில் கிடத்தி, எலும்பு முறிவோ முதுகுக் காயமோ இல்லையெனில், கால்களை 30 சென்டிமீட்டர் அளவு உயர்த்தி வைப்பது முறை. கால்பக்கம் மேடு, தலைப்பக்கம் மட்டம்: குருதி இதயத்தை நோக்கித் திரும்ப நாம் கொடுக்கும் வாட்டம் அது.

அடுத்தது, நம் கருத்தில் மிகுந்த தீங்கு விளைக்கக்கூடிய சொல்: ‘சாய்’. சாய்ந்தான் என்பது தன்வினை, சாய்த்தான் என்பது பிறவினை; இலக்கணத்தில் குழப்பமில்லை. பொருளில்தான் குழப்பம். ‘நோயாளியைச் சாய்த்துப் படுக்க வையுங்கள்’ என்று ஒருவர் சொன்னால் கேட்பவர் மூன்று வகையாகச் செய்யக்கூடும். தலையணை அடுக்கி முதுகைச் சாய்த்து வைக்கலாம். ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்க வைக்கலாம். தலையை மட்டும் பின்னால் சாய்க்கலாம். மூன்றும் முதலுதவியில் உள்ளவையே, ஆனால் வெவ்வேறு நிலையில் இருப்பவருக்கு உரியவை. நெஞ்சுவலி கண்டவர், நினைவோடு இருந்தால், முதுகு சாய்ந்து முழங்கால் மடக்கி அமர்வது நன்று. மூச்சு உண்டு, நினைவில்லை என்னும் நிலையில் இருப்பவரைப் பக்கவாட்டில் திருப்பி, வாய் கீழ்நோக்கும்படி வைக்க வேண்டும். அவரைத் தலையணையில் சாய்த்தால் நாக்கு பின்னே சரிந்து மூச்சுக்குழலை அடைக்கும். வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் இறங்கும். ஒரே சொல்லைக் கேட்டு ஒருவருக்கு நன்மையும் மற்றவருக்கு இறப்பும் நேரலாம்.

இவ்விடத்தில் தமிழ் நம்மைக் கைவிடவில்லை. பக்கவாட்டில் படுப்பதற்கு ‘ஒருக்களித்தல்’ என்னும் தனிச்சொல் இருக்கிறது. பாதி சாத்திய கதவையும் ஒருக்களித்த கதவு என்போம். முதுகு தரையில் பட்டால் மல்லாந்து. வயிறு பட்டால் குப்புற. விலாப்புறம் பட்டால் ஒருக்களித்து. மூன்று நிலைக்கும் மூன்று சொல், ஒன்றோடொன்று மயங்காதவை. பாட்டிமார் குழந்தையைத் தூங்க வைக்கும்போது நாள்தோறும் வழங்குபவை. இவற்றை விட்டுவிட்டு ‘மீட்பு நிலை’ என்னும் கலைச்சொல்லை மட்டும் மனனம் செய்யும் மாணவர், தேர்வில் அதனை எழுதிவிடுவார். வீட்டில் தாத்தா விழுந்து கிடக்கும்போது தம் தாயிடம், “மீட்பு நிலையில் வையுங்கள்” என்றால் தாய்க்கு என்ன புரியும்? “தாத்தாவை ஒருக்களிச்சுப் படுக்க வைங்கம்மா” என்றால் அடுத்த நொடியே கை செயற்படும். நிறைமாதக் கர்ப்பிணி மல்லாந்து படுத்தால் கருப்பையின் எடை பெரிய குருதிக்குழாயை அழுத்தும். அவரை இடப்புறம் ஒருக்களித்துப் படுக்கச் செய்ய வேண்டும். அங்கும் இச்சொல்லே போதும்.

தலைக்கு உரிய சொல் ‘அண்ணாத்தல்’. முகத்தை மேல்நோக்கி உயர்த்துவது அதன் பொருள். திருக்குறளில் புலால் மறுத்தல் அதிகாரத்தில் இச்சொல் வருமிடத்தில் பரிமேலழகர் வாய் திறத்தல் என்னும் பொருள் கொள்வார். மூச்சில்லாதவருக்கு நெற்றியில் ஒரு கை வைத்துத் தலையைப் பின்சாய்த்து, மறுகை விரலால் முகவாயை உயர்த்தும்போது நிகழ்வதும் ஏறத்தாழ அதுவே: நாக்கு பின்சுவரை விட்டு விலகி, காற்றுவழி திறக்கிறது. ஆனால் மூக்கில் குருதி வடியும்போது இதே நிலை தவறு. “அண்ணாந்து பார்” என்று குழந்தையின் தலையைப் பின்னுக்குத் தள்ளும் பழக்கம் நம் தோட்டங்களிலும் நகரங்களிலும் இன்னும் மறையவில்லை. அண்ணாந்தால் குருதி வெளியே வருவது நிற்பது போலத் தோன்றும். உண்மையில் அது தொண்டை வழியே வயிற்றுக்குள் இறங்குகிறது. முன்புறம் குனிந்து அமர்ந்து, மூக்கின் மென்பகுதியைப் பத்து நிமிடம் இறுகப் பிடித்திருக்க வேண்டும். எனவே அண்ணாத்தல் என்னும் சொல்லைக் கற்பிக்கும் ஆசிரியர், அது எப்போது உதவும், எப்போது உதவாது என்னும் இரண்டையும் ஒரே வகுப்பில் கற்பிப்பது நன்று.

மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய தோட்ட நிரைகளில் ஒருவர் விழுந்தால் இன்னொரு சிக்கல் எழும். உயரத்திலிருந்து விழுந்தவரின் கழுத்தையும் முதுகையும் அசைக்கலாகாது. தீயோ மண்சரிவோ போன்ற உடனடி ஆபத்து இல்லாதவரை, உதவி வரும்வரை கிடந்த நிலையிலேயே தலையை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். பிறகு தூக்குப்படுக்கையில் எடுத்துச் செல்லும்போது, இறக்கத்தில் கால் முன்னே செல்லும். ஏற்றத்தில் தலை முன்னே செல்லும். எவ்வகையிலும் தலை மேட்டுப் பக்கம் இருக்கும். மாணவர் சீருடை இயக்கப் பயிற்சிகளில் இதனைச் சமமான திடலில் மட்டுமே பழக்குகிறார்கள். பள்ளிக்கு அருகில் மேடு ஒன்று இருந்தால் அங்கே ஒருமுறை நடத்திப் பார்க்கலாம்.

முடிவாக ஒன்று. 999-ஐ அழைத்தால் மறுமுனையில் பெரும்பாலும் மலாய்மொழிதான் ஒலிக்கும். அருகில் இருப்பவர்கள் தமிழில் பேசுவார்கள். நடுவில் தொலைபேசியைப் பிடித்திருப்பது பல வீடுகளில் பத்துப் பன்னிரண்டு வயதுக் குழந்தை. அக்குழந்தைக்கு வேண்டியது நீண்ட மொழிபெயர்ப்புத் திறனன்று. நான்கு சொல் இணைகள். தெர்லெந்தாங் என்றால் மல்லாந்து. மெனியாராப் என்றால் குப்புற. மெங்கிரிங் என்றால் ஒருக்களித்து. மெண்டோங்காக் என்றால் அண்ணாந்து. மலாயிலும் இவை தனித்தனிச் சொற்களாகவே இருப்பதால் இணை பிசகுவதில்லை. ‘சாய்’ போன்ற பொதுச்சொல்லைக் கொண்டு பெயர்த்தால்தான் பிசகும். வகுப்பறையில் நாற்காலிகளை ஓரம் ஒதுக்கி, ஒரு மாணவரைத் தரையில் படுக்கச் செய்து, ஆசிரியர் மலாயில் சொல்ல, இரண்டாம் மாணவர் தமிழில் சொல்ல, மூன்றாமவர் செய்து காட்டுவதற்குப் பதினைந்து நிமிடம் போதும். அறிவியல் ஆசிரியர், தமிழாசிரியர், மலாய் ஆசிரியர் மூவரும் அந்தப் பதினைந்து நிமிடத்தைத் தத்தம் பாடவேளையிலிருந்து விட்டுத் தரலாம்.